இடக்கரடக்கலும் இருட்டடிப்பும்

மலேசியத் தமிழ்ப் புனைகதையின் பெரும்பகுதி பால்மரக் காட்டில் பிறந்தது. அதிகாலைப் பிரட்டும், ஆயாக்கொட்டகையும், கங்காணியின் அதட்டலும், காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் ஆடும் பால்வாளிகளும் அதில் நிலையான இடம் பெற்றுவிட்டன. தோட்டத்துப் பெண்ணின் கண்ணீருக்கும் வியர்வைக்கும் நம் எழுத்தில் குறைவில்லை. எனினும் அவள் உடல் பட்ட ஒரு துன்பம் மட்டும் நம் கதைகளின் வாசற்படியிலேயே நின்றுவிட்டது என்பது என் துணிபு.

இவ்வெண்ணத்தை எனக்குத் தந்தவர் ஒரு திறனாய்வாளர் அல்லர். மலாக்கா நகரை அடுத்த புக்கிட் பெருவாங்கில், ஓர் அன்பர் இல்லத்தில் தோட்டச் சிறுகதைகளைப் பற்றிய கலந்துரையாடல் நடந்தது. முன்னாளில் பால் வெட்டிய மூதாட்டி ஒருவர் கதவோரம் அமர்ந்திருந்தார். இருமுறை எழுந்து சென்று திரும்பினார். கூட்டம் முடிந்தபின் அடுக்களையில் என்னிடம் வந்து, “டீச்சர், வாளி தூக்குனத நல்லாத்தான் எழுதியிருக்காங்க. தூக்குன ஒடம்பு பின்னால என்னா ஆச்சுன்னு யாரும் எழுதலையே” என்றார். இருமினால் சேலை நனைவதையும், நான்கு பிள்ளைப்பேற்றுக்குப் பின் அடி இறங்கியதையும், கோயிலுக்கும் திருமணத்துக்கும் போவதை விட்டதையும் தாழ்ந்த குரலில் சொன்னார். பெயரை விட்டுவிட்டு எழுதச் சொன்னவரும் அவரே.

இது அரிய நோயன்று. முன் இடுப்பெலும்புக்கும் வால் எலும்புக்கும் இடையே ஊஞ்சல் துணிபோல் விரிந்த தசைகளே சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிள்ளைப்பேறு அவற்றை நெகிழ்த்துகிறது. பாரம் தூக்குதலும் நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் மேலும் தளர்த்துகின்றன. மாதவிடாய் நின்றபின் தளர்ச்சி மிகுகிறது. மறைவிடம் இல்லாத நிரையில் நீர் அருந்தாமலும் நீரை அடக்கியும் உழைப்பது நீர்க்கடுப்பை வரவழைக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாள் பேறுகால விடுப்பை அளித்தது. அது 98 நாளாக உயர்ந்தது 2023-ஆம் ஆண்டு சனவரியில்தான். பச்சை உடம்போடு மீண்டும் வாளி தூக்கியவளின் கதையில் ஒரு நாவலுக்குரிய பொருள் இல்லையா?

‘இதையெல்லாம் எழுதுவது பண்பாடாகுமா?’ என்று கேட்பவர்கள் நம் இலக்கணத்தையே சான்று காட்டுவர். தொல்காப்பியம் அவையல் கிளவி என்கிறது. நன்னூல் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கில் வைக்கிறது. ஆனால் அவ்விதி கூறுவது என்ன? அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுக என்பதே. சொல்லாமல் விடுக என்று அது கூறவில்லை. ‘கால் கழுவி வந்தான்’ என்னும் பள்ளிக்கூட எடுத்துக்காட்டில் செயல் மறையவில்லை; சொல் மட்டுமே மாறியது. நாணத்தையும் காத்து உண்மையையும் காத்த மரபு அது. அம்மூதாட்டி ‘அடி இறங்கியது’ என்றபோது அம்மரபில்தான் நின்றார். சொல்லையும் பொருளையும் சேர்த்தே புதைத்த நாம் செய்தது இருட்டடிப்பு.

துணிவுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1935-இல் மணிக்கொடியில் வந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதிக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் அவளைப் பற்றிய நோயையும் மறைக்கவில்லை. அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ பூப்பெய்தாத பெண்ணுடலைக் கனிவோடு அணுகியது. எனினும் நோய் தரும் கொடியவன் ஒருவன் இருக்கும்போது எழுதுவது எளிது. கொடியவன் எவனும் இன்றி, உழைப்பாலும் தாய்மையாலும் மெல்ல நேரும் தளர்ச்சியை எழுதுவதே கடினம். பேற்றில் இறந்த தாய்க்காக அழுத நம் கதைகள், பிழைத்த தாயின் பிற்கால நாற்பது ஆண்டுகளைக் கேட்கவில்லை.

இலக்கியம் மருத்துவத் துண்டறிக்கை அன்று என்பதை நானும் ஒப்புகிறேன். நோயின் பெயரைச் சொல்வதால் மட்டும் கதை சிறப்பதில்லை. ஆனால் பாத்திரம் ஏன் கதவோரம் அமர்கிறாள், ஏன் வாய்விட்டுச் சிரிக்க அஞ்சுகிறாள் என்று அறியாத எழுத்தாளன் அவள் மனத்தையும் அறியான். மேலும், இம்மௌனத்திற்கு விலை உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் இத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1948-இலேயே வெளியிட்டார். முறையாகக் கற்று நாள்தோறும் மூன்று மாதம் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. இறக்கத்திற்குத் தாங்கு வளையமும் அறுவையும் உண்டு. இருந்தும் அம்மூதாட்டி ‘வயசானா அப்படித்தான்’ என்றே முப்பது ஆண்டுகளைக் கழித்தார். கதையிலோ பேச்சிலோ தன்னைப்போல் இன்னொருத்தியைக் கண்டிருந்தால், மருத்துவமனைப் படியை என்றோ மிதித்திருப்பார்.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. வாளி சுமந்த தலைமுறையும் மெல்ல விடைபெற்று வருகிறது. அவர்களைக் கேட்டு எழுதக் காலம் இன்னும் சிறிது உள்ளது. முதலில் கதவோரம் அமர்ந்திருப்பவர்களைக் கேட்போம்.