ஒரு பக்கத்தை மட்டும் நிறுக்கும் தராசு

பாரிசவாதத்துக்குக் குருதிக்கட்டி கரைக்கும் மருந்து ஏற்றினால் மூளையில் குருதி கசியுமா? இதை முன்கூட்டிச் சொல்லும் புள்ளிமுறைகள் பல. கல்குடாவிலிருந்து வரும் நோயாளியை முன்வைத்து அவற்றை எடைபோடலாம். வாழைச்சேனை தாண்டி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர்வதற்குள் மருந்தேற்றுவதற்கான நாலரை மணி நேர அவகாசத்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே எளிமை இங்கே நியாயமான அளவுகோல்.

எளிமையில் ஸ்பான் 100 முதலிடம். வயதோடு வாதத்தின் தீவிரப் புள்ளியைக் கூட்டினால் வேலை முடிந்தது. ஆனால் 70 வயதில் 30 புள்ளி பெற்றவரும் 95 வயதில் 5 புள்ளி பெற்றவரும் அதன் பார்வையில் ஒன்றுதான். இதைக் கணிப்பு என்பதை விடக் கூட்டல் என்பதே பொருந்தும். செடான் என்னும் முறை குருதிச் சர்க்கரையையும் சீ.டி. படத்தின் ஆரம்ப மாற்றங்களையும் சேர்த்துக் கேட்கிறது. நோயின் இயல்பறிந்த தேர்வுதான். எனினும் படம் வாசிப்பவரின் திறமையிலேயே அது தங்கியிருக்கிறது.

அமெரிக்கப் பதிவேட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை வைத்து 2012 இல் உருவானது கிராஸ்ப்ஸ். தரவின் அளவில் குறையில்லை. ஆனால் 'ஆசியர்' என்பதற்காகவே அது மேலதிகப் புள்ளி போடுகிறது. யப்பானியருக்கும் ஓட்டமாவடிக்காரருக்கும் ஒரே புள்ளி! இங்குள்ள நோயாளரிடம் சரிபார்க்காமல் அதை ஏற்கலாகாது. அதன் பிரித்தறியும் திறன் 0.71. நாணயம் சுண்டினாலே 0.5 கிடைக்கும்.

இவற்றினும் ஆழமான குறை எதைக் கசிவாகக் கணக்கிடுவது என்ற வரையறையில் உள்ளது. 2007 இல் வெளியான ஐரோப்பிய சிட்ஸ்-மோஸ்ட் ஆய்வில் இம்மருந்து பெற்றோர் 6,483 பேர். பெருங்கசிவும் தெளிவான நலிவும் சேர்ந்தால் மட்டுமே கணக்கு என்ற விதியில் கசிவு 1.7 வீதம், எந்தக் கசிவோடு எந்த நலிவு வந்தாலும் கணக்கு என்ற விதியில் அதே நோயாளரிடம் 7.3 வீதம். விதியைச் சொல்லாத வீதத்துக்குப் பெறுமதியில்லை.

நன்மையை இம்முறைகள் எதுவும் நிறுப்பதில்லை. தீவிர வாதத்தில் கசிவபாயம் கூடும். மருந்தின்றி விட்டால் வரும் ஊனமும் கூடும். 1995 இன் அமெரிக்கப் பரிசோதனையில் மருந்து பெற்றோரிடம் கசிவு 6.4 வீதம், பெறாதோரிடம் 0.6 வீதம். அப்படியிருந்தும் மூன்று மாதத்தில் நன்கு தேறியோர் மருந்து பெற்ற பக்கத்திலேயே அதிகம்.

ஆகவே உறவினருக்கு அபாயத்தை விளக்கவும், மருந்தேற்றிய முதல் 24 மணி நேரம் குருதியமுக்கத்தை 180/105 க்குள் வைத்து யாரைக் கூடுதலாகக் கண்காணிப்பது என்று தீர்மானிக்கவும் இவை உதவும். மருந்தை மறுப்பதற்கு இவற்றில் எதுவும் தகுதி பெறவில்லை.