ஆபாசம் எங்கே இருக்கிறது?

ஓவியத்திலே நிர்வாணத்தைக் கண்டதும் ஒழுக்கத்தின் பெயராற் கூக்குரலிடுவோர் எக்காலத்தும் உளர். ஆனால், அக்கூக்குரல் யாருடைய நலனைக் காக்க எழுகின்றது என்ற வினா அரிதாகவே கேட்கப்படுகின்றது. இதற்கு விடை காண முதலாம் உலகப் போருக்குப் பிந்திய பேர்லின் நகரை நோக்குதல் பயன் தரும்.

1923ஆம் ஆண்டின் ஜேர்மனியிலே, காலையிற் பெற்ற கூலி மாலையில் மதிப்பிழந்தது. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்புக் கரைந்தது. கால் இழந்த போர்வீரர் தெருவோரத்திற் கையேந்தினர். கொள்ளை இலாபக்காரரோ கேளிக்கை விடுதிகளை நிறைத்தனர். இக்காலத்திலேயே ஜோர்ஜ் குறோஸ் என்னும் ஓவியரின் ‘எக்கே ஹோமோ’ என்ற தொகுதியை மாலிக் பதிப்பகம் வெளியிட்டது. 84 கோட்டோவியங்களும் 16 நீர்வர்ண ஓவியங்களும் அதில் அடங்கின. ‘இதோ மனிதன்’ என்பது தலைப்பின் பொருள். கிறிஸ்துவைச் சுட்டிய சொற்களை, தொந்தி பருத்த வணிகனுக்கும் பதக்கம் அணிந்த அதிகாரிக்கும் சூட்டினார் குறோஸ்.

அவருடைய கோடு கத்தி போன்றது. உடையைக் கண்ணாடியாக்கி, அதனூடே உடலைக் காட்டுவது அவர் உத்தி. பகலிலே நாட்டுப்பற்றும் குடும்ப மாண்பும் பேசுவோர், இரவிலே பசித்த பெண்ணின் உடலை விலை பேசும் காட்சி அங்கே அப்பட்டமாயிற்று. பொலிசார் தொகுதியைப் பறிமுதல் செய்தனர். 1924இல் நீதிமன்றம் ஓவியருக்கும் வெளியீட்டாளருக்கும் குற்றப்பணம் விதித்தது. உடலை விற்கவைத்த வறுமை குற்றக்கூண்டில் ஏறவில்லை. அதனை வரைந்த கரமே ஏறிற்று.

எனினும், குறோஸைப் போற்றுவதோடு நின்றுவிடுவது விமர்சனமாகாது. வாங்குவோனை அவர் தோலுரித்தார். விற்கப்பட்டவளை மனுஷியாகக் கண்டாரா? அவருடைய ஓவியங்களிற் பெண், பெரும்பாலும் அழுகும் சமுதாயத்தின் அடையாளமாக வருகிறாளேயன்றி, தனக்கென ஒரு துயரும் விருப்பும் உடையவளாக வருவதில்லை. சுரண்டலை வெறுத்த கண்ணே, சுரண்டப்பட்டவள்மீதும் அருவருப்பைச் சிந்திவிட்டது. முற்போக்கு இலக்கியக்காரருக்கும் இது ஓர் எச்சரிக்கை.

இக்குறையை உணர்த்துபவர் அதே நகரில் வாழ்ந்த ஜான் மம்மென் என்ற பெண் ஓவியர். பியர் லூயிஸ் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் ‘பிலிற்றிஸின் பாடல்கள்’ என்ற நூலுக்காக, 1930களின் தொடக்கத்தில் அவர் கல்லச்சு ஓவியங்கள் படைத்தார். ஓர் ஆண் தன் கற்பனையிற் கண்ட பழங்காலக் கிரேக்கப் பெண்களின் காதலை, மம்மென் தம் காலத்துப் பேர்லினின் மதுச்சாலைக்கும் படுக்கையறைக்கும் கொணர்ந்தார். அங்கே பெண்கள் ஒருவரையொருவர் நோக்குகின்றனர், களைக்கின்றனர், அணைக்கின்றனர். பார்ப்பவனை மகிழ்விக்க எவளும் காத்திருக்கவில்லை. நிர்வாணம் அங்கே உண்டு, விலைச்சீட்டு இல்லை.

1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவ்வெளியீடு தடைப்பட்டது. குறோஸ் அதற்குச் சற்று முன்பே அமெரிக்கா சென்றிருந்தார். 1937இல் மியூனிக் நகரில் நடந்த ‘சீரழிந்த கலை’க் கண்காட்சியில் அவர் படைப்புகள் இழிவுபடுத்தப்பட்டன. கலையின் தூய்மை பேசிய அதே ஆட்சி, இலட்சோப இலட்சம் மனித உடல்களை ஆடை களைந்து கொலைக்களத்துக்கு அனுப்பியது.

ஆகவே, ஆபாசம் உடலின் வெளிப்பாட்டில் இல்லை; மனிதரைப் பண்டமாக்கும் உறவிலேயே இருக்கின்றது. ஓர் ஓவியத்தை எடைபோடும்போது, எவ்வளவு துணி விலகியுள்ளது என்று அளவிட வேண்டாம். அங்கே இருப்பவர் மனிதராக மதிக்கப்பட்டுள்ளாரா என்று கேட்போம்.