கொரியோலேனசின் இளமைப் புண்

செகப்பிரியர் இயற்றி 1623ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேறிய ‘கொரியோலேனசு’ என்னும் நாடகத்தில், உரோமைப் படைத்தலைவனின் வீழ்ச்சிக்கு அவன் செருக்கே காரணம் என்பர் பலர். அக்கூற்று ஒருபுடை பொருந்துமாயினும், அச்செருக்கு எங்ஙனம் முளைத்தது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அதற்கு விடை போர்க்களத்தில் இல்லை. அவனது இளமையில் உள்ளது.

ஒரே மகனை உடல் முதிராப் பருவத்திலேயே கொடிய போருக்கு விடுத்ததைத் தாய் வொலம்னியா பெருமையுடன் கூறுகின்றாள். பின்னொரு போரில் அவன் புண்பட்டான் எனக் கேட்டுத் தெய்வங்களுக்கு நன்றி செலுத்துகின்றாள். முன்னர் 25 ஆக இருந்த புண்கள் இப்போது 27 ஆயின என அவள் முன்னிலையில் எண்ணப்படுகின்றன. அடித்தலும் பட்டினியிடுதலும் மட்டுமே சிறார்க்கு இழைக்கும் கொடுமை அல்ல. புண்ணை விலையாகப் பெற்று அன்பை அளித்தலும் கொடுமையே.

மூதின்முல்லைப் பாடல்களில் தோய்ந்த நமக்கு வொலம்னியா வீரத்தாயாகவே தோன்றக்கூடும். ஆயின் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முன்னரே களத்தில் உற்றாரை இழந்த துயரிடையே மகனை விடுக்கின்றாள். அன்றியும், அப்பாட்டு விடுத்த அளவில் முடிகின்றது. விடுக்கப்பட்ட சிறுவன் ஆடவனான பின் அவன் உள்ளம் யாதாயிற்று என்பதைச் செகப்பிரியர் காட்டுகின்றார்.

பதவி வேண்டுவோன் மக்களுக்குப் புண்களைக் காட்டுதல் மரபாக இருந்தும் அவன் காட்டக் கூசுகின்றான். உரோமையை அழிக்க வந்தவன், தாய் மண்டியிட்ட அளவில் உறுதி தளர்கின்றான். இறுதியில் ஆபிடியசு அவனைச் ‘சிறுவன்’ என இகழ, நிலைகுலைந்து தன் சாவைத் தானே வருவித்துக்கொள்கின்றான். பெருவீரனைச் சாய்த்தது அவ்வொரு சொல். அவனுள் வளராது நின்ற சிறுவனை அது தீண்டிற்று என்க.

வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்க வீரர்களைப் பற்றி 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வும் ஈண்டுக் கருதத்தக்கது. போரால் மனவடு நோயுற்றோருள், இளமையில் அடிபட்டு வளர்ந்தோர் நோயுறாதாரினும் மிகுந்திருந்தனர். களத்தில் பட்ட இடரின் அளவு வேறுபாட்டை நீக்கி நோக்கியபோதும் அம்மிகுதி நின்றது. அவ்வாய்வு உடலடி பற்றியது. நாடகம் காட்டுவதோ உள்ளத்தடி. எனினும், வீரனின் புண் போருக்கு முன்னரே தொடங்கலாம் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

கொரியோலேனசின் இளமகன் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் துரத்திப் பிடித்துப் பல்லாற் கிழித்தான் எனக் கேட்ட பாட்டி, தந்தையின் இயல்பே அது என மகிழ்கின்றாள். இச்சிறு செய்தியை வெறும் அணியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு தலைமுறையின் புண் அடுத்த தலைமுறைக்குப் புகழாகக் கைம்மாறும் இடம் அதுவேயாகும்.