சுண்டெலியில் வென்ற நொதி

இன்சுலின் வந்து தொட்டதும், செல்லின் மேலுள்ள ஏற்பி தன்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றிக்கொள்ளும். சர்க்கரையைக் கையாளும் கட்டளை அங்கிருந்துதான் உள்ளே போகிறது. அந்தப் பாஸ்பேட்டுகளைக் கழற்றிக் கட்டளையை அடக்குவது பிடிபி1பி என்ற நொதி.

1999-இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு இந்த நொதியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. தீனி தின்ற நிலையில் அவற்றின் ரத்தத்தில் இன்சுலின் பாதியாக இருந்தும் சர்க்கரை சற்றுக் குறைவாகவே இருந்தது. கொழுப்புத் தீனி போட்டும் அவை பருக்கவில்லை. மருந்து நிறுவனங்கள் ஓடி வந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த மெலிவுதான் சிக்கல். உடல் மெலிந்தாலே இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அப்படியானால் பெருமை நொதிக்கா, மெலிவுக்கா? விடை தந்தவை உறுப்பு உறுப்பாக நொதியை நீக்கிய ஆய்வுகள். 2006-இல் நரம்புச் செல்களில் மட்டும் நீக்கியபோது எடை குறைந்தது. தசையிலும் (2007) கல்லீரலிலும் (2009) நீக்கியபோது எடை மாறவில்லை, சர்க்கரைக் கட்டுப்பாடு மட்டும் மேம்பட்டது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் சான்று இதுதான். ஏற்பியை இந்த நொதி நேராகவே அடக்குகிறது என்பதை இனி மறுக்க முடியாது.

மருந்து என்று வரும்போது கதை வேறு. கருவிலிருந்தே நொதி இல்லாத விலங்கும், நாற்பது வயதில் மாத்திரை விழுங்கும் நோயாளியும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய தடை டிசி-பிடிபி என்ற உறவு நொதி. வினைபுரியும் பகுதியில் இரண்டும் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒன்றே; எனவே ஒன்றைத் தடுக்கும் மருந்து மற்றதையும் தடுத்துவிடலாம். டிசி-பிடிபி இல்லாத சுண்டெலிகளோ பிறந்து 5 வாரங்களுக்குள் இறந்துவிடுகின்றன. பிடிபி1பி-யைத் தடுக்கும் மருந்தாக மனிதரிடம் சோதிக்கப்பட்ட எர்டிபுரோடாஃபிப் போதிய பலனின்றி, பக்கவிளைவுகளோடு 2002-இல் கைவிடப்பட்டது.

மூலிகைச் சாறு பிடிபி1பி-யைத் தடுத்தது என்று அறிவிக்கும் ஆய்வுகள் ஏராளம். சோதனைக் குழாயில் கிடைத்த தடுப்பை மருந்தாக எண்ண வேண்டாம். டிசி-பிடிபி-யையும் சேர்த்துச் சோதித்தார்களா, விலங்கின் எடையைக் கணக்கில் கொண்டார்களா என்று பாருங்கள். ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டு இன்சுலின் சுரப்பையே அழித்த எலி என்றால் இன்னும் கவனம் தேவை. அடக்குவதற்கு அங்கே கட்டளையே அரிது. இந்த மூன்றுக்கும் விடை தராத ஆய்வேட்டை நீரிழிவு மருந்துக்கான சான்றாக நான் ஏற்கமாட்டேன்.