‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ – வருந்துவது யார்?

முதுநிலை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. சாரம் இதுதான்: வார இறுதியில் கணினி முறைமை மேம்படுத்தப்படுகிறது, சேவை தடைபடலாம், ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம். மூன்றே வரி. படித்தேன், மூடிவிட்டேன்.

அப்போது ஜொகூரில் வார இறுதி என்றால் வெள்ளி, சனி. 2014 முதல் 2024 முடியும்வரை நமக்கு அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். பாலோவில் இருந்த நான் வெள்ளி, சனி இரண்டு நாளும் இணையம் பக்கமே போகாமல், ஞாயிறு பள்ளி முடிந்து வந்து இடுபணியை அனுப்ப உட்கார்ந்தேன். பக்கம் திறக்கவில்லை. கோலாலம்பூர்க் கணக்கில் அன்றுதான் வார இறுதி! இடுபணி மறுநாள் போய்ச் சேர்ந்தது. தாமதத்துக்குப் புள்ளி குறைந்தது. மேல்முறையீடு செய்தேன். ‘முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. கோபத்தால் மட்டுமல்ல. அதுவும் ஒரு செயப்பாட்டுவினை வாக்கியம்.

நாம் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் செயப்படுபொருள் எழுவாயாகிவிடும். செய்தவர் ‘ஆல்’ உருபு ஏற்றுப் பின்னால் போவார். மாணவர்களிடம் நாம் அழுத்திச் சொல்லாத ஒன்று, அந்த ‘ஆல்’ பகுதியை முழுசாகவே விட்டுவிடலாம், வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும் என்பது. ‘முறைமை மேம்படுத்தப்படுகிறது’ – யாரால்? வாக்கியம் வாய் திறக்காது. மலாய் அறிவிப்புகளில் அடிக்கடி வரும் ‘செகாலா கெசுலித்தான் அமாட் டிகெசாலி’ இன்னும் ஒரு படி மேலே. அங்கே வருத்தப்படுவதுகூடச் செயப்பாட்டுவினை. வருத்தம் இருக்கிறது, வருந்துபவர் இல்லை. தமிழில் இந்த வித்தை அவ்வளவு எளிதில் பலிக்காது. ‘வருந்துகிறோம்’ என்றதும் ‘ஓம்’ விகுதி வந்துவிடுகிறது, தன்மைப் பன்மை. எழுவாய் தோன்றா எழுவாயாக ஒளிந்திருந்தாலும் ‘நாங்கள்’ என்று ஒருவர் அங்கே நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாங்கள் யார், எந்தப் பிரிவு, எந்தத் தொலைபேசி எண் என்று தேடினால் கீழே ஒன்றும் இருக்காது.

செயப்பாட்டுவினையே தப்பு என்று சொல்ல வரவில்லைங்க. ‘நூலகம் ஐந்து மணிக்கு மூடப்படும்’ என்பதில் யார் மூடினால் நமக்கென்ன? நேரம் தெரிந்தால் போதும். செய்தவர் யார் என்பது வாசகருக்குத் தேவைப்படும் இடத்தில் அதை மறைப்பதுதான் என் குறை.

இப்போது வேறொரு அறிவிப்பைப் பாருங்கள். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் மீத்திறன் கணினியின் கோப்புகள் அழிந்துபோயின. சேமிப்பகத்தைக் கவனித்து வந்தது ஹியூலட் பேக்கார்ட் நிறுவனம். காப்புப் படி எடுக்கும் நிரலில் மாறிப் பெயர்கள் எளிதாகப் புரியட்டும் என்று திருத்தம் செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். நிரல் நடுவிலிருந்து புதிய வடிவத்தைப் படிக்க ஆரம்பித்தது. மாறிகளுக்கு மதிப்பு இல்லை. பழைய பதிவுக் குறிப்புகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது. பராமரிப்பு வேலையே விபத்தாக முடிந்தது.

அதற்குப் பல்கலைக்கழகம் எழுதிய அறிவிப்பைத்தான் நான் பாராட்டுகிறேன். அழிந்தது 77 டெராபைட். கோப்புகள் சுமார் 3 கோடியே 40 லட்சம். பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியாது. எந்தத் தேதி, எந்த மணி முதல் எந்த மணிவரை என்றும் போட்டிருந்தார்கள். நிறுவனத்தின் கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். முழுப் பொறுப்பும் தங்களுடையது என்று அதில் இருந்தது. முக்கியக் கோப்புகளை நீங்களும் வேறு இடத்தில் படியெடுத்து வையுங்கள் என்ற ஆலோசனையும் உண்டு. அந்த 4 குழுக்களின் இழப்பு இதனால் திரும்பி வராது. ஆனாலும் படிப்பவர் தன் நிலைமை என்ன, அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்கிறார். ‘மீட்க முடியாது’ என்று எழுத ஒரு அலுவலகத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கூகுள் தடையையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2019 ஜூலை முதல் நம் பள்ளிகள் கூகுள் வகுப்பறைக்கு மாறியிருந்தன. 2020 டிசம்பர் 14 அன்று நம் நேரப்படி இரவு 7.46க்கு உள்நுழைவு நின்று, 8.33 வாக்கில் சரியானது. பிறகு வந்த அறிக்கையில் காரணம் இருந்தது: பழைய ஒதுக்கீட்டு முறையிலிருந்து புதியதற்கு மாறும்போது பழையதன் ஒரு துண்டு மிச்சமிருந்தது, அது பயன்பாடு பூஜ்யம் என்று தவறாகக் காட்டியது, முறைமை அதை நம்பி இடத்தைக் குறைத்துவிட்டது. அறிக்கை தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்தது; நம் மாணவர்க்கு ஒரே மூச்சில் புரியாது. நிமிடக் கணக்கு மட்டும் யாருக்கும் புரியும்.

சர்வர் அறையில் நடுநிசி வரை உட்கார்ந்து வேலை பார்க்கும் பணியாளர்களை நான் குறை சொல்லவில்லை. பராமரிப்பு இல்லாமல் எதுவும் ஓடாது. என் வழக்கு அந்த மூன்று வரிகளோடுதான். அதில் ‘ஞாயிறு காலை 8 முதல் இரவு 10 வரை’ என்று ஒரு தொடர் இருந்திருந்தால் சனிக்கிழமையே அனுப்பியிருப்பேன்.

சென்ற தவணையில் இந்த மூன்று வரிகளை நான்காம் படிவ மாணவர்களிடம் கொடுத்து, செய்வினையில் திருத்தி எழுதச் சொன்னேன். அறிவிப்பு எழுதும் பயிற்சிக்கு எஸ்.பி.எம். மாணவர்களிடமும் கொடுத்துப் பார்க்கலாம். கூடவே நாள், மணி, பொறுப்பாளர், மாற்று வழி நான்கையும் கேளுங்கள். பெரும்பாலோர் ‘பல்கலைக்கழகம் முறைமையை மேம்படுத்துகிறது’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும் எழுதாமல் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், எழுவாய் இடத்துல பேர் போடணும்ல? யாருன்னு இதுல இல்லையே.”

காலியாக விட்டுக் கோடு போடச் சொன்னேன். திருத்தும்போது அவளுக்குத்தான் முழுப் புள்ளி கொடுத்தேன்.