கிளட்ச் எட்டாத கால்

"சீட்டை இவ்வளவு முன்னாடி இழுக்காதீங்கம்மா, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கு." போடியில் கார் பழகப் போன முதல் நாள் எனக்குக் கிடைத்த பாடம் இது. சொன்னவர் நல்ல மனிதர். பாடத்திலும் தவறில்லை. கிளட்சை முழுதாக அழுத்திய பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள் சாய்மானத்தில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். ஸ்டியரிங்கின் நடுவிலிருக்கும் ஏர்பேக்குக்கும் நெஞ்சுக்கும் 25 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஐந்தடிகூட இல்லாத எனக்கு இவை சேர்ந்து அமையவில்லை. கால் எட்டினால் நெஞ்சு நெருங்குகிறது. நெஞ்சை விலக்கினால் கால் எட்டவில்லை. குஷன் போட்டால் சாலை தெரிகிறது, ஆனால் பெடல் இன்னும் கீழே போய்விடுகிறது.

இதை என் உடலின் குறையாகத்தான் நானும் நினைத்திருந்தேன். விபத்துச் சோதனைகளில் அதிகம் பயன்பட்ட ஹைபிரிட் 3 பொம்மை 1976இல் வந்தது. உயரம் சுமார் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. பின்னால் வந்த 'பெண்' பொம்மை, அந்த ஆணையே சுமார் 150 செ.மீ.க்குச் சுருக்கியது. முன்னால் நகர்ந்து உட்காரும் பெண்களைப் பொறியாளர்கள் 'நிலை தவறியவர்கள்' என்று குறிப்பதை கரோலின் கிரியாடோ பெரெஸ் 2019இல் வந்த தன் நூலில் சுட்டிக்காட்டினார். இருக்கையை உயர்த்தும் வசதியும், ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் நம் ஊரில் பெரும்பாலும் விலை கூடிய கார்களில்தான். கடைசியில் சாய்மானத்தைச் சற்றுப் பின்னால் சாய்த்துத்தான் நெஞ்சுக்கு இடம் எடுத்தேன்.

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்சைப் பாதி விட்டு, இன்ஜின் இழுப்பதை உணர்ந்த பிறகே பிரேக்கை விட வேண்டும். அந்தப் பாதியை விரல்நுனியால் பிடித்து நிறுத்த முடியாது, குதிகால் ஊன்ற வேண்டும். வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டாலும் போதும், "லேடீஸ்" என்று ஒரு குரல் வரும்.

அதே சாலையில் விடிகாலையில் ஏலத்தோட்ட ஜீப்புகள் ஏறுகின்றன. உள்ளே, தூக்குவாளியை மடியில் வைத்து முழங்கால் இடிக்கப் பெண்கள். முன்னிருக்கையிலும் நெருக்கடி, டிரைவர் கதவோடு ஒண்டி, ஒருபக்க இடுப்பில் உட்கார்ந்து ஓட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தப் பாடத்தின்படியும் அது சரியான நிலை இல்லை. அவருக்கு உட்காரத் தெரியவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கைதேர்ந்தவர் என்பார்கள்.

அந்த ஜீப்பில் போகும் அக்கா ஒருவரிடம், நீங்களும் ஓட்டிப் பழகலாமே என்றேன். "எந்த வளைவுல கியர் மாத்தணும்னு தூக்கத்துலயும் தெரியும் தாயி. வண்டிய யாரு குடுப்பா?" என்றார்.