ஒரு குளோரின் தூரத்தில் நின்றுவிட்ட பாடம்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற வழியில், தியாகதுருகம் வரப்போகிறது என்பதை முதலில் சொல்வது கோட்டை மலைதான். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன். இப்போது எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருஷம்.

"அண்ணே, ஆல்கஹால் மேல எதுக்குண்ணே சிலிக்கானைக் கொண்டுபோய் ஒட்டுறாங்க? நாலு ஸ்டெப் கழிச்சு அவங்களே அதை எடுத்தும் விட்டுடுறாங்க. சிலிக்கான்னா மண்ணு, கண்ணாடி, இதுங்கள்ல இருக்கறதுதானே?"

கேள்வியில் தப்பே இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்த சிலிக்கான் அவ்வளவுதான். அன்று ராத்திரி நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதல் தொகுதி, இரண்டாம் அலகு, பி-தொகுதி தனிமங்கள். சிலிக்கோன்கள் அங்கே வருகின்றன. மெத்தில் குளோரைடும் சிலிக்கானும் தாமிர வினையூக்கியின் மேல் சேர்ந்து டைமெத்தில்டைகுளோரோசிலேனைத் தருகின்றன. தண்ணீர் சேர்த்தால் அது சங்கிலியாக நீண்டு சிலிக்கோன் ஆகிறது. பிறகு பயன்கள்: உயவுப்பொருள், நீர் புகாத துணி, மின்காப்பு. எல்லாம் சரி. 1940-ல் ரோச்சோ கண்டுபிடித்த இந்த முறையில்தான் இன்றும் சிலிக்கோன் தொழில் நடக்கிறது.

ஆல்கஹால்கள் வருவது இரண்டாம் தொகுதி, பதினோராம் அலகில். அங்கே சிலிக்கான் இல்லை. இரண்டு புத்தகம், இரண்டு பரீட்சைப் பகுதி, நடுவில் ஒரு சுவர்.

என் குறை இதுதான். அந்த டைமெத்தில்டைகுளோரோசிலேனைக் கொஞ்சம் பாருங்கள். சிலிக்கானுக்கு நாலு கை. ரெண்டில் மெத்தில், ரெண்டில் குளோரின். இரண்டு குளோரினும் தண்ணீரோடு வினைபுரிந்தால் சிலிக்கோன். ஒரு குளோரினை மட்டும் எடுத்துவிட்டு அங்கே டெர்ஷியரி-பியூட்டைல் என்ற குண்டான கார்பன் தொகுதியை வைத்தால்? கிடைப்பது டெர்ஷியரி-பியூட்டைல்டைமெத்தில்சிலைல் குளோரைடு. ஆராய்ச்சிக்கூடத்தில் செல்லமாக 'டிபிஎஸ் குளோரைடு'. தம்பியின் நோட்டில் இருந்த பொருள் அதேதான். பாடம் அந்த இடத்துக்கு ஒரு குளோரின் தூரத்தில் வந்து, திரும்பிப் போய்விட்டது.

1972-ல் ஈ. ஜே. கோரியும் ஏ. வெங்கடேஸ்வர்லுவும் அமெரிக்க வேதியியல் சங்க இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். சிக்கலான மூலக்கூறு கட்டும்போது ஒரு இடத்தில் வேலை நடக்கும். இன்னொரு இடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி குறுக்கே வந்து கெடுக்கும். அதைத் தற்காலிகமாக மூடி வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் மற்றதற்குச் சேதமில்லாமல் திறக்க வேண்டும். டிபிஎஸ் குளோரைடோடு இமிடசோலைச் சேர்த்தால் மூடலாம், ஃபுளூரைடு அயனியால் திறக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். கோரிக்கு 1990-ல் நோபல் கிடைத்தது வேறு பெரிய காரணங்களுக்காக. ஆனால் பெஞ்சில் நின்று வேலை பார்ப்பவர்கள் தினமும் கை வைக்கிற கோரி, இந்தக் கோரிதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில்: "சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு வலுவானது." எனக்கு இந்தப் பதிலும் பிடிக்காது. பாதிதான் உண்மை. பிணைப்பு வலுவானதுதான், மோலுக்குச் சுமார் 450 கிலோஜூல்; கார்பன்–ஆக்சிஜன் 360-ஐ ஒட்டி நிற்கிறது. கோட்டை மலைப் பாறை இத்தனை மழைக்கும் கரையாமல் நிற்பதற்கு இதே சிலிக்கான்–ஆக்சிஜன் பின்னல் ஒரு முக்கியக் காரணம். ஆனால் வலு மட்டுமே காரணமென்றால், மூன்று மெத்தில் மட்டும் உள்ள டிரைமெத்தில்சிலைல் ஈதர் ஏன் கொஞ்சம் அமிலமும் ஈரமும் பட்டாலே கழன்று விழுகிறது? அதிலும் இதே பிணைப்புதானே?

விஷயம் வேறு. சிலிக்கான் கார்பனைவிடப் பெரிய அணு. பக்கத்தில் வருகிறவன் எளிதாகக் கிட்டே வந்துவிடலாம். வாசலில் குண்டான ஆளை நிறுத்தினால் வரத்து குறையும். அமிலத்தில் கழலாமல் நிற்கும் திறனை ஒப்பிடும்போது, டிரைமெத்தில்சிலைலை 1 என்று வைத்தால் டிரைஎத்தில்சிலைல் சுமார் 64, டிபிஎஸ் 20,000, டிரைஐசோபுரொப்பைல்சிலைல் 7 லட்சம், ஃபீனைல் வளையங்கள் உள்ள டிபிடிபிஎஸ் 50 லட்சம். பிணைப்பு ஒன்றே, சுற்றி நிற்கும் ஆட்கள்தான் வேறு. ஒரே மூலக்கூறில் மூன்று விதப் பூட்டுப் போட்டு, வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாகத் திறக்க முடிவது இதனால்தான்.

சாவி ஃபுளூரைடு. சிலிக்கான்–ஃபுளூரின் பிணைப்பு 565 கிலோஜூல், ஆக்சிஜனையும் மிஞ்சியது. கண்ணாடி பாட்டிலில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை வைக்கக்கூடாது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கண்ணாடியை அரிக்கிற காரணமும் டிபிஎஸ்ஸைத் திறக்கிற காரணமும் ஒன்றே. இந்த ஒரு வரியைப் புத்தகம் எழுதியிருந்தால், தம்பி பாறையையும் கண்ணாடியையும் தன் நோட்டையும் தானே சேர்த்துப் பார்த்திருப்பான்.

ஏன் எழுதவில்லை? சிலிக்கானிடம் நாம் கேட்கிற கேள்வி தப்பு என்று நினைக்கிறேன். "சிலிக்கான் கார்பன் மாதிரி நடந்துகொள்ளுமா?" என்றே கேட்கிறோம். இதில் விழுந்த முதல் ஆள் சாதாரண ஆளில்லை. நாட்டிங்காமில் நாற்பது வருஷம் கரிமச் சிலிக்கான் சேர்மங்களோடு மல்லுக்கட்டிய கிப்பிங். கீட்டோனின் சிலிக்கான் பதிப்பைத் தேடித்தான் 'சிலிக்கோன்' என்றே பெயர் வைத்தார். கையில் வந்ததோ பிசுபிசுப்பான நீள் சங்கிலிகள். 1936-ல் ராயல் சொசைட்டி பேருரையில், இந்தத் துறையில் பெரிதாக எதுவும் உடனே வரும் என்ற நம்பிக்கை இல்லை என்கிற பொருளில் பேசினார். நாலே வருஷத்தில் ரோச்சோ வந்தார். கார்பன் மாதிரி இல்லாததுதான் சிலிக்கானின் பலம் என்பது பிறகுதான் புரிந்தது.

"ஏற்கெனவே பாடம் அதிகம், இதையும் ஏற்றணுமா?" என்று கேட்பீர்கள். நியாயம். நான் கேட்பது அரைப் பக்கம். இன்னொரு நியாயமும் உண்டு: மூடுவதும் திறப்பதும் தலா ஒரு கூடுதல் படி, வீணாகும் பொருளும் அதிகம். 2007-ல் ஃபில் பரன் குழு இத்தகைய பூட்டுகளே இல்லாமல் சிக்கலான கடல்சார் இயற்கைப் பொருள்களைக் கட்டிக் காட்டியது. நல்ல விமர்சனம். ஆனால் பூட்டு என்ன என்று தெரிந்தவனுக்குத்தான் பூட்டில்லாத வீட்டின் அருமை தெரியும்.

இது வெறும் ஆராய்ச்சி விஷயமுமில்லை. கொழுப்பைக் குறைக்க மருந்துக்கடையில் வாங்குகிற ரோசுவாஸ்டாட்டினை ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் முதலில் தயாரித்த முறையில், பக்கச் சங்கிலியின் ஹைட்ராக்சிலை மூடியது டிபிஎஸ். திறந்தது ஹைட்ரஜன் ஃபுளூரைடு. நம் பிள்ளைகள் பலர் வேதியியல் படித்துவிட்டு மருந்துக் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அங்கே போய்த்தான் இதை முதல்முறை கேள்விப்பட வேண்டுமா?

தம்பிக்கு இதையெல்லாம் மொட்டை மாடியில் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, அந்த குளோரோசிலேனைப் பன்னெண்டாவதுலயே மனப்பாடம் பண்ணேண்ணே. அஞ்சு மார்க்கு."

ஐந்து மார்க் அவன் வாங்கிவிட்டான். மீதியைத்தான் யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.